வெறுமையாய் விட்ட முதல் வரி

என் வீட்டுக் கதவின் பின்னால், குளிர்கால மேலங்கிகள் தொங்கும் கொளுக்கியில், தாள்களைக் கவ்விப் பிடிக்கும் பழைய மண்ணிற அட்டை ஒன்று தொங்குகிறது. அதன் கவ்வியோடு ஒரு நீலப் பேனை கட்டப்பட்டிருக்கிறது. கட்டியிருப்பது பெட்டிகளை இறுக்கும் வெள்ளை நைலோன் நாடா. நீளவாக்கில் மூன்றாகக் கிழித்து, சடை போலப் பின்னி, முனையில் இரட்டை முடிச்சு. பேனைகள் காணாமல் போவதைப் பொறுக்கமாட்டாத ஒருவர் பின்னியது அது. வீட்டுக்கு வருகிற சிலர் அது என்ன என்று கேட்பார்கள். வேலையிடத்துச் சாமான் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அது பாதி உண்மை.

வேலையிடத்தில் நாங்கள் அவரை லீட் அக்கா என்று அழைத்தோம். பிறம்ரன் நகரத்தில் சவர்க்காரமும் ஷாம்புவும் பொதி செய்யும் வேர்ஹவுஸ் ஒன்றில் எங்கள் லைனுக்கு அவர்தான் பொறுப்பு. டோர்செட் பார்க்கில் அடுத்தடுத்த மாடிக்கட்டிடங்களில் குடியிருந்தோம். விடியற்காலையில் ஒரே வான் வண்டியில் ஏறி நெடுஞ்சாலை முழுக்கத் தூங்கிக்கொண்டு போவோம். அவர் மட்டும் முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். போய் இறங்கியதும் அந்த அட்டையிலுள்ள தாளில் ஒவ்வொருவராகப் பெயரெழுதி ஒப்பமிட வேண்டும். அவர் பெயரைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், “வந்தாச்சு” என்று சொல்லி ஒரு சரி அடையாளம் போடுவார். ஒருநாள் பிந்திவந்த சிநேகிதனுக்காக நான் ஒப்பமிட்டு வைத்தேன். அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். “உன்ரை எழுத்து எப்பவும் இடப்பக்கம் சாய்ஞ்சு படுத்துக் கிடக்கும் தம்பி. இது உன்ரை கை” என்றார். திட்டவில்லை. எங்கள் லைனில் எல்லோருடைய எழுத்தும் அவருக்கு அத்துப்படி.

ஒரு கோடையில் அவருடைய மகளைச் சுட்டுவிட்டார்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த பிள்ளை. சனிக்கிழமை பின்னேரம், வெயில் இன்னும் இறங்காத நேரம், எங்கள் பகுதிப் பிளாசா ஒன்றில் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே வரிசையில் நின்றாள். ஒரு கார் வந்து நின்றது. யாரையோ தேடி வந்தவர்கள், அங்கே நின்ற எல்லோரையும் சுட்டார்கள். ஐந்து பேருக்குக் காயம். இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவள். அவளுடைய கையில் கடையின் வரிசை இலக்கத் துண்டு இருந்ததாக அக்கா பிறகொரு நாள் என்னிடம் சொன்னார். தாய்க்கு அந்தத் துண்டைக் கொடுக்கவில்லையாம், வழக்குக்கு வேண்டுமென்று பொலிஸ்காரர் வைத்துக்கொண்டார்களாம்.

அடுத்த இரண்டு வாரங்களை நான் மறக்கமாட்டேன். பிளாசாவின் மதிலோரம் பூங்கொத்துகளும் மெழுகுதிரிகளும் கரடிப் பொம்மைகளும் இடுப்பளவுக்குக் குவிந்தன. தொலைக்காட்சி வாகனங்கள் நின்றன. பெரிய மனிதர்கள் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, எங்கள் இதயங்கள் உங்களோடு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தமிழ் வானொலியில் மூன்று நாள் இதே பேச்சு. துப்பாக்கிகளைத் தடைசெய் என்றார் ஒருவர். சட்டப்படி வைத்திருப்பவனைத் தண்டித்து என்ன பயன் என்றார் மற்றவர். பிள்ளைகளை ஏன் பிளாசாவில் நிற்க விடுகிறீர்கள் என்று ஒரு அம்மா கேட்டார்; வானில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் வானொலிப் பெட்டிக்குள் கையை விட்டு அறைய வேண்டும்போல் இருந்தது. மூன்றாம் வாரம் வானொலி வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசியது. பூக்கள் கருகி நாறத் தொடங்கின. பிளாசாக்காரர்கள் ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள்.

அக்கா மகளின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வேலைக்கு வந்தபோது, அந்த அட்டையின் பழைய கவ்வி உடைந்திருந்ததால் நிர்வாகம் புதியதொன்று வாங்கியிருந்தது. பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கவ்விக்கு ஒரு ஆணி அடித்துச் சரிசெய்தார். அதில் அவர் கொழுவியது ஒரு மனு. கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்து, எல்லையால் கடத்தி வருவதைத் தடு என்று பாராளுமன்றத்தைக் கேட்கும் மனு. எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் அதன் வடிவத்தை எழுதி வாங்கியிருந்தார். ஒவ்வொரு வரியிலும் உண்மையான பெயர், உண்மையான முகவரி, சொந்தக் கையெழுத்து இருக்க வேண்டும். பொய்ப் பெயர்கள் கலந்திருந்தால் மனுவே மதிப்பிழந்துவிடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆட்களுடைய பெயர்களே ஒரு கட்டு நிறைய வேண்டும் என்பதுதான் அக்காவின் ஆசை. “பூ வைச்ச ஆக்கள் ஒவ்வொருத்தரும் ஒரு வரி எழுதினாப் போதும்” என்றார்.

சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் வாசலில் மடிக்கிற மேசை போட்டு உட்கார்ந்தோம். துணைக்கு நான்தான். வருகிறவர்கள் அக்காவின் கையைப் பிடித்து அழுதார்கள். ரோல்ஸ், தேநீர் எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். மனுவை வாசித்தார்கள். பிறகு பேனையை எடுக்காமல் நகர்ந்தார்கள். “பேந்து வந்து எழுதிறன்” என்று பிறகுக்குத் தள்ளுவார்கள். மூக்குக்கண்ணாடி வீட்டிலே என்பார்கள். இவரிட்டைக் கேட்டுப்போட்டு வாறன் என்பார்கள். இந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, வீடு வாங்கி, தேர்தலில் வாக்குப் போட்டுக்கொண்டு இருபது வருடமாக வாழ்கிறவர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. துவக்கு, துப்பாக்கி என்ற சொற்கள் இருக்கிற தாளில் பெயரெழுதினால் என்ன நடக்கும் என்று நாங்கள் எல்லோரும் ஊர் யுத்தம் என்ற ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

எங்கள் வான் ஓட்டுகிற அண்ணை வேறு ரகம். அவருக்குப் பயம் கிடையாது, வாதம்தான். “உவங்கள் கடையிலை வாங்கின துவக்காலையே சுட்டவங்கள்? எல்லாம் எல்லையாலை வாறது. உங்கடை பேப்பர் அதை மறிக்குமோ தங்கச்சி?” என்றார். “மறிக்கச் சொல்லியும் இதிலை எழுதியிருக்கு அண்ணை. இரண்டாவது பந்தி. நீங்கள் வாசிக்கேல்லை” என்றார் அக்கா. அண்ணை வாசித்தார். தலையைச் சொறிந்தார். கடைசியில் அவர் ஒப்பமிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு பெண் வந்தார். அக்காவின் வயதுதான் இருக்கும். முழுவதையும் வாசித்து, பேனையைக் கையில் எடுத்து, நெடுநேரம் நின்றார். “சண்டையிலை செத்த என்ரை தம்பியின்ரை படம் வீட்டிலை இருக்கு. அவன் துவக்கோடைதான் நிக்கிறான். ஒவ்வொரு நாளும் பூ வைக்கிறன். இதிலை எழுதிப்போட்டு நான் அவன்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?” என்றார். அக்கா எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டார். அவரிடம் இருந்து பேனையை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார். இரண்டு பேரும் கடை வாசலில் நின்று அழுதார்கள்.

இனி என்னுடைய கேவலத்தைச் சொல்கிறேன். நான்காவது சனிக்கிழமை நல்ல மழை. அக்கா கடைக்குள்ளே போயிருந்தார். நான் தனியே மேசையில். இரண்டு மாதத்துக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த மனுசி, கொஞ்சப் பெயர்களுக்காக இப்படி அலைகிறாரே என்று மனம் உருகிப்போனது. ஒரு புதுத் தாளை எடுத்து நிரப்பத் தொடங்கினேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்களின் பெயர்கள், பழைய அயலவர்களின் பெயர்கள், செத்துப்போன வாத்தியார் ஒருவரின் பெயர். முகவரிக்குச் சுற்றியுள்ள மாடிக்கட்டிடங்கள். கையை மாற்றி மாற்றி, பேனையை மாற்றி மாற்றி, இருபது வரியையும் எழுதினேன். அவருக்கு உதவி செய்கிறேன் என்று சத்தியமாக நம்பினேன்.

அக்கா வந்து தாளைப் பார்த்தார். காலை வரவைப் பார்ப்பதுபோலவே, மேலிருந்து கீழாக, விரலை வைத்து. பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது. “இது நான் இருக்கிற பில்டிங். பதினெட்டு மாடிதான் தம்பி. நீ இருபத்திமூண்டாம் மாடியிலை ஒராளைக் குடி வைச்சிருக்கிறாய்” என்றார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தாளைக் கவ்வியிலிருந்து கழற்றி, நான்காக மடித்து, என் சட்டைப் பைக்குள் வைத்தார். “இருபது பேரை எழுதியிருக்கிறாய். இதிலை உன்ரை பேர் எங்கை?”

அதுவரை அவரோ நானோ அதைக் கவனிக்கவில்லை. நாலு கிழமையாக அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயரை எழுதவில்லை. அப்போதுதான் சொன்னேன். ஊரில் எங்கள் தெருக் கடைக்காரர்கள் சேர்ந்து, இராணுவக் காவலரணில் நடக்கிற அட்டூழியத்தைப் பற்றி ஒரு முறைப்பாடு எழுதினார்கள். முதல் வரியில் ஒப்பமிட்டவர் என்னுடைய சொந்த அண்ணை. எழுதிய ஒழுங்கிலேயே ஒவ்வொருவராக வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணையைத்தான் முதலில். பிறகு அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அம்மா கடைசி வரைக்கும் அந்தத் தாளைத்தான் திட்டினாள், கொண்டு போனவர்களையல்ல.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். “அங்கை பேர் தெரிஞ்சு கொண்டு போனவங்கள். இஞ்சை என்ரை பிள்ளையின்ரை பேரை அவங்கள் கேக்கேல்லை தம்பி. பேர் தெரியாமலே சுட்டவங்கள். எழுதினாலும் எழுதாட்டியும் வருவாங்கள் எண்டால், நான் எழுதிறன்” என்றார். பிறகு ஒரு புதுத் தாளைக் கொழுவி, பேனையை என் பக்கம் தள்ளினார். கை நீளவில்லை. “பேந்து எழுதிறன் அக்கா” என்றேன். நாலு கிழமையாக நான் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த அதே வசனம் என் வாயிலிருந்து வந்தது.

அவர் கோபிக்கவில்லை. அடுத்து வந்தவரிடம் இரண்டாவது வரியிலிருந்து எழுதச் சொன்னார். முதல் வரி யாருக்கு என்று வந்தவர் கேட்டார். “பிந்தி வாற ஆளுக்கு” என்றார் அக்கா. அதற்கடுத்த மூன்று சனிக்கிழமைகளும் அந்த வரி வெறுமையாகவே இருந்தது. நான் மேசையை விரித்தேன், மடித்தேன், தேநீர் வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த வரியைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். ஆசைப்பட்டதுபோலக் கட்டு நிறையாத அந்தத் தாள்களை அவர் அலுவலகத்தில் கொடுத்தபோது, மேல் தாளில் முதல் வரி ஏன் விடுபட்டிருக்கிறது என்று கேட்டார்களாம். ஒருவர் இன்னும் வரவில்லை என்றாராம்.

சில காலத்தின் பின் கைத்துப்பாக்கிகளை வாங்கவும் விற்கவும் கட்டுப்பாடு வந்தது. எங்கள் தாள்களால் வந்தது என்று சொல்ல எனக்கு வாயில்லை. அக்கா வேலையை விட்டு மொன்றியலிலுள்ள தங்கையிடம் போய்விட்டார். போகும்போது இந்த அட்டையை என்னிடம் தந்தார். “வைச்சிரு. பேனை எழுதும்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு மேலங்கியை எடுக்கும்போதெல்லாம் பேனை கதவில் தட்டும்.

சென்ற மாதம் நகரத்தின் இன்னொரு மூலையில் மறுபடியும் சுட்டார்கள். மறுபடியும் பூக்கள், மறுபடியும் பெரிய மனிதர்கள், மறுபடியும் வானொலியில் அதே இரண்டு குரல்கள். இறந்தவர்களின் படங்களைக் காட்டினார்கள். ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்தேன். சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய், எல்லையால் வரும் துப்பாக்கிகளைத் தடுக்கச் சொல்லும் மனு ஒன்றின் வடிவத்தை எழுதி வாங்கிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவின் பின்னாலிருந்து அட்டையை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, தாளைக் கவ்வியில் கொழுவினேன். பேனை எழுதியது. முதல் வரியில் என் பெயரை எழுதினேன். கட்டிட இலக்கத்தை எழுதினேன். வீட்டு இலக்கத்துக்கு வந்தபோது கை நின்றது. ஐம்பத்தைந்து வயது, இத்தனை வருடம், இந்த நாடு, ஆனாலும் கை நின்றது. அண்ணையை நினைத்தேன். பிறகு எழுதி முடித்தேன்.

மொன்றியலுக்குத் தொலைபேசி எடுத்தேன். புது மனு ஒன்று தொடங்கியிருக்கிறேன் என்றேன். அக்காவின் குரல் மெலிந்துபோயிருந்தது. “எத்தினை பேர் எழுதியிருக்கினம்?” என்று கேட்டார்.

“ஒராள்தான் அக்கா.”

“வாசி பாப்பம்.”

வாசித்தேன். என் முழுப் பெயர், கட்டிட இலக்கம், தெரு, வீட்டு இலக்கம், தபால் குறியீட்டின் கடைசி எழுத்து வரைக்கும். கவ்வியிலிருந்து தொங்கிய பேனை மேசை விளிம்பில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“வந்தாச்சு” என்றார் அக்கா.