ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேராது

செல்வமேரி சாப்பாட்டு விஷயத்தில் ஒரு துறவி. இதற்கு ஏற்காட்டில் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டி சோறு, அதைவிட அதிகமாகக் கீரை. இரவு ஓர் எலுமிச்சை அளவு கேழ்வரகுக் களி, தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு. காப்பியில் சர்க்கரை கிடையாது. பலாப்பழ சீசனில் பக்கத்து வீட்டிலிருந்து வாசனை வந்தால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள்.

இருந்தும், 1986 ஜூலை மாதத்து முதல் திங்கட்கிழமை, மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் கொடுத்த சிறுநீர், நீலத் திரவத்தோடு சேர்ந்து கண்ணாடிக் குழாயில் கொதித்துச் செங்கல் நிறத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் மலைமேல் சர்க்கரை பார்ப்பது அப்படித்தான். நீலமாகவே இருந்தால் சௌக்கியம். பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் முறைப்பார்கள். செங்கல் என்றால் டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார்.

அன்றைக்குக் கழற்றி வைத்தார். காரணம் குழாய் மட்டுமல்ல. ஈஸ்டருக்கு வாங்கிய புதுச் செருப்பு செல்வமேரியின் வலது கால் இரண்டாவது விரலைக் கடித்திருந்தது. செருப்புக் கடி மூன்று நாளில் ஆறும். இது மூன்று மாதமாக ஆறவில்லை. விரலின் நுனி லேசாகக் கறுத்திருந்தது.

"மேரி, ஆறு வாரம் பாக்கறேன்" என்றார் டாக்டரம்மா. "வாராவாரம் திங்கட்கிழமை வந்து பாட்டில் குடு. ஆறாவது திங்கட்கிழமை குழாய் பச்சைக்கு வரணும், புண்ணு காயணும். இல்லைன்னா சேலத்துக்கு அனுப்பி விரல எடுக்கச் சொல்லிருவேன்."

"எடுத்துட்டு, ஆறினதுக்கப்புறம் திரும்ப வெச்சுருவாங்களாங்க?"

"அது என்ன பல்லு செட்டா?"

விரல் ஒன்றுதானே என்று வேறு யாராவது சமாதானம் ஆகியிருக்கலாம். செல்வமேரிக்கு அது முடியாது. கன்னியர் நடத்திய பெண்கள் ஹாஸ்டலில் அவள் சமையல்காரி. நூற்றிருபது பிள்ளைகள், இடுப்பு உயர அடுப்புத் திட்டு, பத்தொன்பது வருஷமாக நின்றே சமையல். சேலத்துக்குப் போய் ஒரு விரலை விட்டுவிட்டு வந்தவர்கள் அடுத்த வருஷம் இன்னொன்றை விடப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்து சமைக்கிற சமையல்காரிக்கு எந்த ஹாஸ்டலிலும் வேலை இல்லை.

வீட்டில் விசாரணை தொடங்கியது. கணவர் தேவசிகாமணி நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் வந்ததையும் வராததையும் பேரேட்டில் பிடித்துப் பிடித்து, மனுஷர்களை நம்பாமல் இருக்கப் பழகியவர். சர்க்கரை டப்பாவுக்குள், சர்க்கரை இருந்த மட்டத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

இரண்டாவது திங்கட்கிழமையும் செங்கல்.

"ஏம்புள்ள, நெசத்தச் சொல்லு. எங்க வெச்சுத் திங்கற?"

"டப்பாவத்தான் கோடு போட்டு வெச்சிருக்கீங்களே. கோடு எறங்குச்சுங்களா?"

"எறங்குல."

"அப்பறம்?"

"கோடு எறங்குல, கொழா செவக்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. கோடு நான் போட்டது."

கீழ்வீட்டு ஆசியா நாவல் கொட்டையை இடித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கூடவே ஒரு பாட்டில் மலைத்தேனும் வந்தது. தேனில் சர்க்கரை கிடையாது, அது பூவுக்குள் இருந்து வருவது என்பது அவள் கட்சி. "பூவுக்கென்ன அக்கா, அது கடையிலயா சக்கரை வாங்குது?" என்று கேட்டாள். இதற்குப் பதில் சொல்லத் தெரியாவிட்டாலும் செல்வமேரி தேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்த அளவுக்கு வைராக்கியம்.

டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டினார். மூன்றாவது திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரி நர்ஸ் மரியசெல்வி ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு டைபாய்டு ஊசி போட வந்தாள். வாரா வாரம் குழாயைக் கொதிக்க வைப்பவள் அவள்தான். ஊசி போட்டு முடித்து, பிள்ளைகளின் அழுகைச் சத்தத்திலிருந்து தப்பிக்கச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

உள்ளே டீ அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. செல்வமேரி கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து, இடது உள்ளங்கையில் ஊற்றி, உறிஞ்சினாள். அண்டாவில் ஒரு கிண்ணம் சர்க்கரை போட்டாள். மறுபடி உள்ளங்கை. இன்னும் அரைக் கிண்ணம். மறுபடி உள்ளங்கை. பிறகு சுண்டல் சட்டிக்கு நகர்ந்து, வெந்துவிட்டதா என்று நாலு கடலை, உப்புப் போட்டபின் நாலு கடலை, தேங்காய் தூவியபின் ஒரு பிடி.

"அக்கா, என்னக்கா சாப்பிடறீங்க?"

"நானா? மத்தியானத்துல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படுல கண்ணு."

"இப்ப வாய்ல போட்டீங்களே."

"அது ருசி பாத்தது."

செல்வமேரி பொய் சொல்லவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. உலகத்தில் எந்தச் சமையல்காரியைக் கேட்டாலும் இதையே சொல்வாள். தட்டில் போட்டு உட்கார்ந்து தின்றால்தான் சாப்பாடு. நின்றபடி உள்ளங்கையில் வாங்குவது வேலை. தையற்காரன் துணியை அளந்தால், அதை உடுத்திக்கொண்டான் என்று யாராவது சொல்வார்களா?

மரியசெல்வி அலமாரியிலிருந்து மூடி போட்ட தூக்குப்போசி ஒன்றை எடுத்து வைத்தாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒவ்வொரு தடவை உள்ளங்கைல ஊத்தும்போதும் அதே அளவு இதுலயும் ஊத்துங்க. ராத்திரி நான் வந்து பாக்கறேன்."

"சாம்பாரும் பாலும் ஒண்ணா ஊத்தவா? கெட்டுப் போயிரும் கண்ணு."

"வயித்துலயும் ஒண்ணாத்தானக்கா போவுது."

ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கேசரி. நூற்றிருபது பேருக்கான கேசரியில் ருசி பார்க்க வேண்டிய கட்டங்கள் பல உண்டு. பாகு, ரவை, நெய், இறக்குவதற்கு முன், இறக்கியபின். கடைசியில், அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பது தனி. அது ருசி பார்ப்பதுகூட இல்லை, வீணாக்காமல் இருப்பது. செல்வமேரி நேர்மையான பெண். சுரண்டியதிலும் பாதியைப் போசியில் போட்டாள்.

ராத்திரி மரியசெல்வி மூடியைத் திறந்தபோது போசி கழுத்துவரை நிறைந்திருந்தது. உப்புமா, பால், சாம்பார், டீ, கேசரி எல்லாம் சேர்ந்து ஒரு நிறமாகியிருந்தன. அந்த நிறம் இருவருக்கும் தெரிந்த நிறம். ஆஸ்பத்திரிக் குழாயில் பார்த்தது.

"இத ஒரு பொம்பள ஒரே நாள்ல தின்னான்னா என்னக்கா சொல்லுவீங்க?"

செல்வமேரி போசியைச் சாய்த்துப் பார்த்தாள். "இவளக் கட்டுனவன் பாவம்னு சொல்லுவேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து உள்ளங்கை மூடிக்கொண்டது. விளைவு, அன்று மதியமே சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பிள்ளைகள் இரண்டு குடம் தண்ணீரைக் காலி பண்ணினார்கள். செவ்வாய்க்கிழமை ரசத்தில் உப்பே இல்லை. புதன்கிழமை டீயைக் குடித்த ஒரு பிள்ளை, ஆஸ்பத்திரி மருந்தா என்று கேட்டது. பத்தொன்பது வருஷத்தில் சாதத்தைத் தவிர எதையும் மிச்சம் வைக்காத பிள்ளைகள் சாம்பாரை மிச்சம் வைத்தார்கள். செல்வமேரி வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள்.

"ருசி பாக்காம சமைக்கறது, கண்ணக் கட்டிட்டுக் கொண்டை ஊசி வளைவுல பஸ் ஓட்டற மாதிரி இருக்குதுங்க" என்றாள். "விரலு நின்னாலும் வேல நிக்காது போல."

"கண்டக்டர வெச்சுக்கோ" என்றார் தேவசிகாமணி. "டிரைவருக்குப் பின்னால தெரியுதா? கண்டக்டரு விசிலு குடுக்கறான், அவன் ஓட்டறான்."

சந்தேகத்தைத் தவிர வேறு எதையும் தராத மனுஷனிடமிருந்து இப்படி ஒரு யோசனை. வியாழக்கிழமை காலை, ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் முன்னால் செல்வமேரி போய் நின்றாள். சிஸ்டர் கண்டிப்பானவர். வெள்ளிக்கிழமை ஒருவேளை பட்டினி கிடப்பவர். பிள்ளைகள் மிட்டாய் வைத்திருந்தால் பிடுங்கிப் பூட்டிவைப்பவர்.

"நான் ருசி பாக்கறதா? எனக்குச் சமையலே தெரியாதே, மேரி."

"தெரியாதவங்கதானுங்க வேணும். தெரிஞ்சவங்க நம்மகிட்ட வாதாடுவாங்க."

முதல் நாள் சிஸ்டர் கரண்டி நுனியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "ம்" என்றார். ஒரு வாரத்தில் "உப்பு அரைச் சிட்டிகை" என்று சொல்லத் தேறினார். இரண்டாவது வாரம், கூப்பிடுவதற்கு முன்பே சமையலறை வாசலில் வந்து நின்றார். சாம்பார் மீண்டது. டீ மீண்டது. செல்வமேரி அவசியத்தின் பேரில் அளவுக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி, மூக்கால் சமைக்கப் பழகினாள். பசித்தால் சாப்பிட ஒரு தட்டு வைத்துக்கொண்டாள். அதில் பீன்ஸும் சௌசௌவும் பெரும்பங்கு, சோறு சிறுபங்கு. உட்கார்ந்து தின்றாள். வேலை நேரத்தில் பசிப்பது என்றால் என்ன என்று பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு தெரிந்துகொண்டாள்.

நாலாவது திங்கட்கிழமை மஞ்சள். ஐந்தாவது, மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு வெட்கம் கெட்ட நிறம். இரண்டு நிறத்தில் எது என்று தேவசிகாமணியும் மரியசெல்வியும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள்.

ஆறாவது திங்கட்கிழமை செல்வமேரி குழாயைப் பார்க்க மறுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டவ் அடங்கியது.

"அக்கா, திரும்புங்க."

இளம் கொத்தமல்லித் தழையின் பச்சை.

டாக்டரம்மா குனிந்து, கட்டைப் பிரித்து, விரலை அழுத்திப் பார்த்தார். கறுப்பு உரிந்து, அடியில் குழந்தைத் தோல் போல ரோஸாக வந்திருந்தது. புண் காய்ந்திருந்தது. "இந்த விரல் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "ஆனா செருப்ப மாத்து. இந்தச் சாப்பாடு ஆறு வாரத்துக்கு இல்ல, ஆயுசுக்கு."

"ஆயுசுக்குங்களா?" செல்வமேரி கணக்குப் போட்டாள். "ஞாயித்துக்கெழமையுமா?"

டாக்டரம்மா யோசித்தார். "ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்பூன் கேசரி. அன்னிக்குச் சோத்துல பாதி கொறைச்சுக்கணும். தட்டுல வெச்சு, உக்காந்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின், செல்வமேரி பெஞ்சில் உட்கார்ந்து, தட்டில் ஒரு ஸ்பூன் கேசரி வைத்துக்கொண்டாள். ஆயிரம் கேசரி கிண்டியவள் முதன்முறையாகத் தன் கேசரியைச் சாப்பாடாகச் சாப்பிட்டாள். நாக்கு நாலு வாரமாகக் காலியாக இருந்தது. மென்றாள். நிறுத்தினாள்.

"சிஸ்டர், இதுல சக்கரை நொம்ப ஜாஸ்தீங்க."

"சரியா இருக்கு மேரி. நான் ருசி பாத்தேனே."

"பாத்தீங்க. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஏழு தடவ பாத்தீங்க."

சிஸ்டர் அண்டாவைப் பார்த்தார். "பதம் தெரிய வேண்டாமா?"

"அடுத்த வாரம் ஒரு கிலோ கொறைக்கறனுங்க."

"பிள்ளைங்க கேப்பாங்களே."

"பிள்ளைங்க கேக்க மாட்டாங்க" என்றபடி செல்வமேரி தட்டைக் கழுவ எழுந்தாள். "நீங்கதான் கேப்பீங்க. திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறேன் சிஸ்டர், தொணைக்கு வாங்க. வரும்போது ஒரு சின்ன பாட்டிலக் கழுவிக் கையில எடுத்துட்டு வந்துருங்க."