பொத்தான் வைத்ததே போதும்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓய்வு. அதையும் கடையில் கால் கடுக்க நின்று தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல். முந்தின நாள் முழுக்க ஈரப் போர்வைகளைத் தூக்கிப் போட்ட தோள் இன்னும் விண்விண்ணென்று தெறித்தது. கூடாரமும் பூட்ஸும் விற்கிற அந்தக் கடைக்காரரோ, கையில் பிடித்துக்கொண்டு போகிற ஜி.பி.எஸ். கருவிகள் மூன்றை மேசைமேல் பரப்பி, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கருவி அவளுக்கல்ல, புருஷனுக்கு. முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எதைச் சொன்னாலும் "ரைட்டு" என்பதால் தெருவில் அவருக்கு ரைட்டு என்றே பெயர். ஓய்வு பெற்றபின் ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வந்தது. நடக்கட்டும், நடைதான் மருந்து என்றார் டாக்டர். வீட்டு வரிசைக்குப் பின்னால் புதர்க்காடு. அதற்குள் நாலா பக்கமும் பிரிகிற ஒற்றையடித் தடங்கள். அதில் நடப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம். இரண்டு முறை வழி தவறிவிட்டார். முதல் முறை நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் கொண்டுவந்து விட்டார், இரண்டாம் முறை போலீஸ்.

வெளியூரில் இருக்கும் மகள் போனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "அம்மா, இன்னொரு தடவை அப்பா தொலைஞ்சார்னா நானே வந்து கூட்டிட்டுப் போய் ஹோம்ல சேர்த்துடுவேன். உன்னால முடியலம்மா." கடைசி வாக்கியம் உண்மை என்பதால்தான் அவளுக்கு வலித்தது.

"இதப் பாருங்கம்மா, தொட்டாலே போதும்," என்று கடைக்காரர் முதல் கருவியை நீட்டினார். தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினாள், தேய்த்தாள். இருபது வருஷம் வெளுப்புத் தண்ணீரில் ஊறி ரேகையெல்லாம் கரைந்துபோன விரல்.

"என் விரலை இது மனுஷ விரலாவே மதிக்கலையே," என்றாள்.

இரண்டாவது, அவர் இருக்கிற இடத்தை அவளுடைய போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். வேலை நேரம் முழுக்க அவள் போன் பூட்டிய அலமாரிக்குள் கிடக்கும். எட்டு மணி நேரம் கழித்துத் தெரிந்துகொள்ள அது எதற்கு? அதையும் தள்ளி வைத்தாள்.

மூன்றாவது தடியாக, வார் போட்டு, சின்னத் திரையும் பெரிய பொத்தான்களுமாக இருந்தது. ஒன்றை அழுத்தினாள். டக் என்றது. அந்தக் கனம், அந்தச் சத்தம். டிக்கெட் மெஷினேதான்! புருஷனின் கட்டை விரலுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

"அது பழைய மாடல்மா."

"வீட்டுல இருக்கிறவரும் பழைய மாடல்தான். இதையே குடுங்க."

வாங்கியதும் சும்மா இருந்துவிடவில்லை. அன்று மத்தியானமே அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்ப் பார்த்தாள். வீட்டு வாசலை அதில் குறித்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தாள். திரும்புவதற்கு அந்தக் கருவியில் இரண்டு வழி. ஒன்று, வீடு இருக்கிற திசையை அம்புக்குறியால் காட்டுவது. அதை நம்பிப் போனால் நடுவில் பள்ளமா முள்ளா என்றெல்லாம் அதற்குக் கவலையில்லை. அவளைக் கொண்டுபோய் ஓடைப் பள்ளத்தில் நிறுத்தியது. முள் கிழித்த முழங்காலைத் துடைத்துக்கொண்டு வாயில் வந்தபடியெல்லாம் அதைத் திட்டினாள். மற்றது, வந்த காலடியையே திரையில் கோடாகப் போட்டு, அந்தக் கோட்டின்மேல் திரும்பக் கூட்டிவருவது. அதுதான் இவருக்குச் சரி. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பொத்தானின்மேல், ஆஸ்பத்திரித் துணிகளுக்குக் குறி போடும் அழியாத மையால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள்.

மறுநாள் அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டார். கட்டை விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

"மெஷின் நல்லா இருக்கே," என்றார்.

"புள்ளி வெச்சதை அழுத்தினா வீட்டுக்கு வந்துடலாம்."

"ரைட்டு."

ஆறு வாரம் ஒரு குறையுமில்லை. அப்போது அவளுக்குக் காலை வேலை; இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். நான்கு மணிக்கு அவர் வந்து கதவைத் தட்டுவார், கருவியை நீட்டுவார். இவள் வாங்கிச் சார்ஜில் போடுவாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். மகளிடம் கூடக் கொஞ்சம் ஜம்பமாகவே பேசினாள்.

ஏழாவது வாரம் வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள். முதல் நாளே, ஐந்து மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் இல்லை. செருப்பும் இல்லை, கருவியும் இல்லை. ஓடிப்போய்க் காட்டு ஓரத்தில் நின்று கத்தினாள். கால்கள் இதற்குமேல் முடியாது என்றன. மூன்றாவது தடவை, அவ்வளவுதான், இனி மகள் வந்துவிடுவாள் என்று நினைத்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மறுநொடி அந்த நிம்மதிக்காகவே அழுதாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி சத்தம் கேட்டு வெளியே வந்தாள். "என்னக்கா, அண்ணன் நாலு மணிக்கே வந்துட்டாரே. கதவைத் தட்டிட்டு மெஷினை நீட்டிக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. சாவிதான் எங்கிட்ட இருக்கு, திறந்து விடட்டான்னு கேட்டேன். காதிலேயே விழல. அப்படியே ரோட்டுப் பக்கம் போயிட்டாரு."

மெஷினை நீட்டிக்கொண்டு நின்றாரா?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் டிக்கெட் மெஷினோடு வீட்டுக்குள் வந்திருக்கிறாரா? கண்டக்டருக்கு வண்டி வந்து நின்றால் வேலை முடிந்ததாகாது. டிப்போ கவுண்டரில் டைம் கீப்பரிடம் மெஷினை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் டூட்டி முடியும், பிறகுதான் வீடு. ஆறு வாரமாக வாசலில் நின்று கருவியை வாங்கியபோது பெண்டாட்டி என்றுதான் தன்னை நினைத்துக்கொண்டிருந்தாள். டிப்போ டைம் கீப்பர் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். இன்று கவுண்டரில் ஆள் இல்லை.

டிப்போ மூன்று ஸ்டாப் தள்ளி. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடந்தே போனாள்.

கவுண்டருக்கு எதிரே பெஞ்சில், மடிமேல் கை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். வெகுகாலமாக அங்கிருக்கும் டைம் கீப்பருக்கு அவரைத் தெரியும்.

"வாங்கம்மா. வந்தாரு, மெஷினை வெச்சாரு. இது நம்மளோடது இல்லையேன்னு சொல்ல மனசு வரல. வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டுட்டு உக்காந்தவருதான், எழுந்திருக்கவே இல்ல."

கருவியைத் திருப்பித் தந்தார். திரையில் கோடு அப்படியே இருந்தது. காட்டுக்குள் சுற்றி, போன தடத்திலேயே பிசகாமல் திரும்பி, வீட்டு வாசலைத் தொட்டு, அங்கிருந்து நேரே டிப்போவுக்கு வந்திருந்தது. ஓரிடத்திலும் தடுமாற்றமில்லை.

போன் அடித்தது. மகள். அம்மாவுக்கு வேலை நேரம் மாறிய முதல் நாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா வந்துட்டாராம்மா? எங்கேயும் தொலையலையே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பொய்யுமில்லை. ஆனால் பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் நின்று பேச அன்று அவளுக்குத் தெம்பில்லை.

"அவரு தொலையலடி. சரியா வாசல் வரைக்கும் வந்திருக்காரு. நான்தான் வீட்டுல இல்ல."

"அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"ஏங்க, போலாமா? உங்க டூட்டி முடிஞ்சுதுல்ல?"

"எப்பவோ முடிஞ்சுது." அவள் முகத்தையும், வெளுப்புத் தண்ணீர் தெறித்த புடவையையும் அவர் சற்று நேரம் பார்த்தார். "உன் டூட்டி முடிஞ்சுதா?"

இரண்டு வருஷமாக ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்வி.

"இன்னும் இல்லைங்க," என்றாள்.

"ரைட்டு," என்று நகர்ந்து இடம் விட்டார். "முடியட்டும். அதுவரைக்கும் உக்காந்திருக்கேன், சேர்ந்தே போலாம்."

அவள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.