ரஷ்யாவுக்குப் போன ஒடியல் மா

தபால் கந்தோரின் பார்சல் கவுண்டர் என்பது, ஊரில் யாருடைய பிள்ளைக்கு எந்தச் சாப்பாட்டில் ஆசை என்பதை அரசாங்கச் சம்பளத்தில் அறிந்துகொள்ளும் இடம். எண்பதுகளின் தொடக்கத்தில் விசுவமடுப் பக்கம் அப்படியொரு கவுண்டரில் இருந்தேன். நீங்களும் இருந்தவரென்றால் என் குழப்பம் உங்களுக்குப் புதிதாக இராது.

உள்ளே என்ன?

லெட்சுமியக்கா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே மிளகாய்த் தோட்டத்தில் வேலை செய்தவர். மகன் சந்திரன் ரஷ்யாவில் புலமைப்பரிசிலில் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவனுக்கு அனுப்ப ஒடியல் மா கொண்டுவந்தார். "இங்க வந்து பழகின சாமான், மிஸ். எனக்கே புடிக்காது. அவனுக்கு இதுதான் வேணுமாம்" என்றார்.

சுங்கப் படிவத்தில் பொருளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவுக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? யோசித்து, 'கிழங்குப் பொடி' என்று பொருள்படும்படி எழுதினேன். மூன்று மாதத்தில் சந்திரனின் கடிதம் வந்தது. அங்கே அதிகாரிகள் போதைமருந்தோ என்று சந்தேகப்பட்டு, அவனைக் கூப்பிட்டு, ஒரு பிடியைத் தங்கள் முன்னால் தின்று காட்டச் சொன்னார்களாம். லெட்சுமியக்காவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் குற்ற உணர்ச்சியோடு வாசித்து முடித்ததும் அவர் பதறிப்போனார்.

"பச்சையாவா தின்னான்? அவிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கலாமே, மிஸ்!"

அளவு

அவனோடு ஓர் எத்தியோப்பியனும் ஒரு வியட்நாம்காரனும் ஒரே அறையில் இருந்தார்கள். முறைவைத்துச் சமையல். சந்திரனின் முறை வந்தால் மற்ற இருவரும் பேக்கரியில் வாங்கிய பாணும் தேத்தண்ணியும் என்று ஒதுங்கிவிடுகிறார்களாம். பருப்புக்கறியும் ரசமும் வைக்கும் முறையைக் கேட்டிருந்தான். அக்கா சொல்ல நான் எழுதத் தொடங்கினேன்.

"உப்பு எவ்வளவு, அக்கா?"

"அளவா."

"தண்ணி?"

"வேணுங்கிற அளவு."

"எவ்வளவு நேரம் வேக வேணும்?"

"வாசம் வர்ற வரைக்கும்."

வரிசையில் பின்னால் நின்ற புடவைக்கடை ஹனீபா நானா பொறுமையிழந்தார். "ரஷ்யாவில சன்னல் பூட்டிக் கிடக்கும், பிள்ளை. எல்லா வாசமும்தான் வரும். கரண்டிக் கணக்குக் கேளுங்கோ." அக்காவிடம் கரண்டிக் கணக்கு இல்லை. வலது கையை மேசையில் வைத்தார்.

"பென்சில எடுத்து இதச் சுத்திக் கோடு போடுங்க, மிஸ். இந்தக் கையில ஒரு புடின்னு எழுதுங்க."

விடவேண்டிய வரிகள்

பிறகு இரண்டு மாதம் கடிதம் இல்லை. அக்கா தினமும் வெயிலில் நடந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். கடைசியில் வந்த கடிதத்தின் மேல் ஓரத்தில், 'மிஸ், கோடு போட்ட பகுதியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்' என்று இருந்தது. சளிக்காய்ச்சல் முற்றி மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

சொல்வதா, விடுவதா? ஒன்றும் விளங்கவில்லை. அக்கா எதிரில் நிற்கிறார். கோடு போட்ட வரிகளைத் தாண்டி, "ரசம் குடிக்க ஆசையாக இருந்தது" என்ற இடத்திலிருந்து சிரித்த முகத்தோடு வாசித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"காய்ச்சல் வந்தாத்தான் அவன் ரசம் கேப்பான். எத்தன நாளாப் படுத்திருந்தான், மிஸ்?"

கோடு போட்ட வரிகளுக்குத் திரும்பிப் போனேன். முழுவதையும் வாசித்தேன். வியட்நாம்காரப் பெடியன் மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டு ஏதோ ரசம் மாதிரி ஒன்றை வைத்து, சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, பனியில் நடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெடியனின் பெயரை மூன்று தரம் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"அர்ச்சனைக்கு ஐயரு நட்சத்திரம் கேக்குறாரு, மிஸ். அந்தப் புள்ளைக்கு என்ன நட்சத்திரம்னு எழுதிக் கேளுங்க."

விடுமுறை

மூன்றாம் வருடம் சந்திரன் விடுமுறைக்கு வந்தான். நல்ல உயரம், கன்னமெல்லாம் சிவப்பு. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. வந்து பத்து நாளில் லெட்சுமியக்கா கவுண்டருக்கு வந்தார். மகனுக்காக ஒடியல் கூழ் காய்ச்சினாராம். அவன் பாதியில் வைத்துவிட்டு, கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்ப் பீற்றூட் வாங்கி வந்து, குசினியில் அவரை விலக்கிவிட்டுச் சிவப்பாய் ஒரு சூப் வைத்து, மேலே தயிர் ஊற்றிக் குடிக்கிறானாம். அதற்கும் கறுப்புப் பாண் இல்லையே என்று கவலைப்படுகிறானாம். நான் முத்திரைகளை அடுக்கினேன். அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வியட்நாம் புள்ளைக்கு எழுதுனா, கறுப்புப் பாணு பார்சல்ல வருமா, மிஸ்?"

எந்த நாட்டில் இருப்பவருக்கு எந்த நாட்டுச் சாப்பாட்டில் ஆசை வரும் என்பது, எட்டு வருடம் பார்சல்களை எடை பார்த்தும் எனக்குப் பிடிபடவே இல்லை.