ஸ்கேன் படத்துக்குச் சட்டம் போடுகிறவர்

பென்சிலின் ரப்பர் முனையை நீட்டி, “எங்கன இருக்குன்னு நீங்களே காட்டுங்க, சரியா காட்டுதீங்களான்னு பாக்கேன்” என்பார் பிரைட்டன். படம் கொண்டுவந்த பெண் தயங்கித் தயங்கித் தொடுவாள். இது தலை, இது கை, இந்தா மூக்கு, அப்படியே அவங்க அப்பா மூக்கு. பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியாரைப் போல ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, “கரெக்ட்” என்று பென்சிலைத் திரும்ப வாங்கிக் காதில் செருகிக்கொள்வார். உண்மையில் அந்தப் படங்களில் அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒன்பது வருடமாகப் பார்க்கிறார். கறுப்பு, வெள்ளை, நடுவே கொஞ்சம் சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. தூத்துக்குடியில் ஸ்டூடியோ போட்டு, பாஸ்போர்ட் படமும் ஞானஸ்நானப் படமும் எடுத்துக்கொண்டிருந்தவர். எதிரே ஒரு ஸ்கேன் சென்டர் வந்தது. அங்கிருந்து வெளியே வருகிற பெண்கள் கையில் ஒரு சின்னத் தாளைப் பிடித்துக்கொண்டு, இதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று தெரியாமல் அவர் கடைப் படியேறினார்கள். முதலில் வந்த டீச்சரம்மாவின் படத்தை லேமினேசன் மெஷினில் விட்டார். மறுபக்கம் முழுக் கறுப்பாக வந்தது. அந்த அம்மா கறுப்புத் தாளையே வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிரைட்டன் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

அதிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் முதல் பாடம் அதுதான். “இது பஸ் டிக்கெட் பேப்பரு ஜாதி. சூடு பட்டா கறுக்கும், வெயில் பட்டா வெளுக்கும். ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தன் நிக்கேன்.” படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்குவார். மேலே பேரும் வயதும் ஆஸ்பத்திரியும் அச்சாகியிருக்கும் பட்டையை அசலிலிருந்தே பிளேடால் நறுக்கிவிடுவார். “ஊர்க்கண்ணு படும், பேரு எதுக்கு?” என்பது ஒரு காரணம். சட்டத்துக்குள் அழகாக உட்காராது என்பது இன்னொன்று. அளவு எடுக்க டாக்டர் வைத்த கூட்டல் குறிகளையும் ஒவ்வொன்றாக அழிப்பார். வெள்ளிநிறச் சட்டம், ஓரத்தில் இரண்டு குட்டிப் பாதம், கீழே ‘எங்கள் முதல் சந்திப்பு’. ஆணா பெண்ணா என்று யாராவது இழுத்தால், “அத மட்டும் கேக்கப்படாது, ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போவோம்” என்று சிரிப்பார். கேட்டிருந்தால் மட்டும் சொல்லிக் கிழித்திருப்பாரா என்ன.

போன திங்கட்கிழமை காலை, கருப்பட்டி மண்டி தாணுலிங்கம் அண்ணாச்சி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அறுபத்தாறு வயது. வயிற்றைத் தடவிக்கொண்டே, “தம்பி, எனக்கு எட்டு வாரமாம்” என்றார்.

பிரைட்டனுக்குப் புரியவில்லை.

“போன வருசம் பித்தப்பையில கல்லுன்னு படம் எடுத்தேன்லா. அழிஞ்சிரும், ஒரு காப்பி போட்டுத் தான்னு ஒங்கிட்டதான் தந்தேன். நீ தந்த கவர அப்படியே இரும்புப் பெட்டியில வச்சிட்டேன். இப்ப திரும்ப நோவு கண்டுச்சேன்னு கொண்டுபோய்க் காட்டுதேன், டாக்டரு என்னையும் படத்தையும் மாறி மாறிப் பாக்காரு. ‘அண்ணாச்சி, இது எட்டு வாரத்துக் கரு’ங்காரு. வெளிய உக்காந்திருந்த அம்புட்டுப் பேரும் சிரிக்காவ.”

கவரை மேசையில் வைத்தார். “நான் வேற ஸ்கேன் எடுத்துக்கிட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா யாரு வீட்டுப் புள்ளையோ ஒரு வருசமா என் பெட்டிக்குள்ள கெடக்கு. பாவம், சேக்க வேண்டிய எடத்துல சேத்துரு.”

அவர் போனபிறகு பிரைட்டன் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதே தேதியில் இரண்டு படங்கள். இரண்டிலும் கறுப்பாக ஒரு பை, அதற்குள் வெள்ளையாக ஒரு பயறு. பேர்ப் பட்டையை இரண்டிலும் அவரே நறுக்கியிருக்கிறார். கல்லுக்குப் போய் எந்தக் கண்ணு படும் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை; கை பழக்கத்தில் போய்விட்டது. கவரில் இருந்த தாளோடு ஒத்துப்போன படம் யாருடையது என்று பில் புத்தகத்தைப் புரட்டினார். முத்தையாபுரம் சண்முகப்ரியா.

அவளை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டு தடவை கரு கலைந்து, மூன்றாவதில்தான் துடிப்பு கேட்டது. கேட்ட அன்றைக்குப் புருஷன் சிவபாலன் பக்கத்தில் இருந்தான். மறுநாள் சரக்குக் கப்பலில் வேலைக்கு ஏறிவிட்டான். அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன் எதிலும் அவன் இல்லை. “நாங்க ரெண்டு பேரும் சேந்து பாத்தது இது ஒண்ணுதான் அண்ணாச்சி” என்று சொல்லித்தான் கொடுத்தாள். குழந்தை பிறந்ததும் லட்டு கொண்டுவந்தாள். கப்பலில் சிவபாலனின் போனைத் திறந்தால் அந்தப் படம்தான் முதலில் தெரியும் என்றாள். கப்பல் போன கரையெல்லாம் தாணுலிங்கம் அண்ணாச்சியின் கல்லும் போயிருக்கிறது.

இரண்டையும் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி ஷீஜாவிடம் காட்டினார். “இதுல எது புள்ள?” ஷீஜா சாயர்புரத்தில் பயாலஜி டீச்சர். யோசிக்கவே இல்லை, கல்லைத் தொட்டாள். பிரைட்டனுக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று. படித்தவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால், தெரியாமலே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அதையும் வாய்விட்டுக் கேட்டார்.

“சொன்னா அந்தப் புள்ளைக்குக் கஷ்டம். சொல்லலைன்னா உங்களுக்குக் கஷ்டம்” என்றாள் ஷீஜா. “எந்தக் கஷ்டம் தாங்கும்னு நீங்கதான் பாக்கணும்.”

மூன்று நாள் அவரால் ஒழுங்காக ஒரு பாஸ்போர்ட் படம்கூட எடுக்க முடியவில்லை. நான்காம் நாள் காலை, சரியான படத்தைப் புதிய சட்டத்தில் போட்டு, அண்ணாச்சி தந்த கவரையும் எடுத்துக்கொண்டு முத்தையாபுரம் பஸ் ஏறினார்.

சண்முகப்ரியா வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே மாட்டியிருந்தது கல். சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில், இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன மாமனாரின் படம். உப்புக் கம்பெனிக்குப் புறப்படும் முன் பேத்தியைக் குளிப்பாட்டக் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த மாமியார் சுடலைமாடத்தி, பிரைட்டனைப் பார்த்ததும் நின்றார்.

“படம் போட்ட தம்பியா? நல்லா இருப்பீரு. அந்த நெத்தியப் பாருமே, அச்சு அசல் எங்க வீட்டு ஆளு. அவுக போனப்பொறவு எனக்குப் பேச்சுத் தொண இதுதான். வேலைக்குப் போவயில சொல்லிட்டுத்தான் போவேன்.”

பிரைட்டன் வழக்கம்போல “கரெக்ட்” என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாமியார் கொல்லைக்குப் போனதும் சண்முகப்ரியாவிடம் சொன்னார். கோர்வையாக வரவில்லை. பட்டை, பிளேடு, பழக்கம், இரும்புப் பெட்டி என்று முன்னும் பின்னுமாகத் தடுமாறி, கடைசியில், “மாறிப்போச்சு தங்கச்சி. அங்கன மாட்டியிருக்கது ஒரு பெரிய மனுசரோட பித்தப்பை” என்றார்.

சண்முகப்ரியா அவரையே பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றது. “அப்ப நான் எதப் பாத்து அண்ணாச்சி அழுதேன்? வயித்துல அசையாத அன்னைக்கெல்லாம் அதுக்கு முன்னாலதான் உக்காந்திருந்தேன்.”

பிரைட்டன் கவரை நீட்டினார். பழுத்துப்போன சின்னத் தாள். ஓரங்கள் பழுப்பாகி, நடுவில் மட்டும் கொஞ்சம் கறுப்பு மிச்சம். அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். தாளை இப்படியும் அப்படியுமாகத் திருப்பினாள். இவளுக்கும் தெரியாமல் போய்விடுமோ என்று பிரைட்டன் பயந்தார்.

“இந்தா” என்றாள். “இந்தப் புள்ளிதான் துடிச்சுச்சு. அவுக என் கையப் புடிச்சு நசுக்கிட்டாக, மோதிரம் அமுங்கி வலிச்சுச்சு.” இப்போது அழுதாள். பிரைட்டனுக்கும் கண் கலங்கியது.

பையிலிருந்து புதிய சட்டத்தை எடுத்தார். அவள் அதைத் தொடவில்லை. கொல்லையில் மாமியார் குழந்தையிடம் ஏதோ கொஞ்சிக்கொண்டிருந்தது கேட்டது.

“அத்தைட்ட இத எப்படிச் சொல்ல?” என்றாள். “காலையில எந்திச்சதும் மாமாகிட்டப் பேசுத மாதிரி அதுகிட்டப் பேசுதாங்க. என் வீட்டுக்காரவுகளுக்கு லீவுல வரும்போது நான் சொல்லிக்கிடுதேன். அத்தைக்கு வேண்டாம்.” சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். “பின்னால தொறந்து, இந்தத் தாள உள்ள வச்சு மூடித் தாங்க. முன்னால இருக்கது இருக்கட்டும்.”

செய்வது சரியா தப்பா என்று பிரைட்டனுக்குத் தெரியவில்லை. கிளிப்புகளை நகத்தால் நெம்பினார். கல்லுக்கு முதுகு கொடுத்துத் தாளை வைத்தார். நான்கு கிளிப்பையும் கட்டை விரலால் அழுத்தினார். மாட்டி முடிப்பதற்கும் மாமியார் வருவதற்கும் சரியாக இருந்தது.

“என்ன தம்பி, கழட்டிப் பாத்தீரா?”

“கிளிப்பு லூசா இருந்துச்சும்மா” என்றார் பிரைட்டன். புதிய சட்டம் அவர் பைக்குள் போயிருந்தது.

சுடலைமாடத்தி, துண்டில் சுற்றிய பேத்தியை அந்த ஸ்கேன் படத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, “தாத்தாகிட்ட டாட்டா சொல்லு, ஆச்சி வேலைக்குப் போறேன்னு சொல்லு” என்றார். குழந்தை கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தது. பக்கத்தில் நின்ற சண்முகப்ரியா, சாய்வைச் சரி செய்கிறவள்போலச் சட்டத்தைப் பிடித்து, சுவருக்கும் அதற்கும் நடுவே விரலை விட்டு, பின்பக்கத்தை மெல்லத் தடவினாள்.