ஆமெனோடு போன குண்டூசி

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் என் தங்கை எஸ்தர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் புருஷன் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே துருப்பிடித்த ஒரு குண்டூசி.

"நாலஞ்சு நாளைக்கு முன்ன உங்க தங்கச்சி இருமையில வாயிலருந்து வந்து விழுந்துச்சு மச்சான். நம்ப முடியுதா?"

எஸ்தர் லேஸ் கூடத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து லேஸ் பின்னுகிறவள். திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, அவற்றைச் சுற்றி நூலை ஓட்ட வேண்டும். இரண்டு கையும் நூலில் இருந்தால் அடுத்துக் குத்த வேண்டிய ஊசி எங்கே இருக்கும்? உதட்டில்தான். மத்தியான மணி அடித்தால் ஜெபம். அப்போதும் அந்தப் பெண்கள் ஊசியைக் கடித்தபடியே தலை குனிவார்கள். போன வருஷம் ஒருநாள் எஸ்தர் 'ஆமென்' சொல்ல மூச்சை இழுத்தாள்... ஊசி உள்ளே போய்விட்டது.

புரை ஏறி இருமினாள். ஆளாளுக்கு வாழைப்பழம் கொடுத்தார்கள். இருமல் நின்றது. பழத்தோடு ஊசியும் போயிருக்கும் என்று எல்லோரும் மறந்தே போனார்கள். அது நெஞ்சுக்குள் இருக்கிறதென்று யார் கண்டது?

சில மாதங்களில் காய்ச்சல், நாற்றமடிக்கும் சளி, ரத்தம். டாக்டர் க்ஷயம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்கிறோம் — அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று சொல்கிறோமா?

அப்புறம் தட்டு தனி, பாய் தனி. மூன்று வயது ரூத் அம்மா இருக்கும் அறைக்குள் வரக்கூடாது. மற்றவர்கள் விரட்டவில்லை, எஸ்தரேதான் விரட்டினாள். சாவதைவிட, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

ஊசியைப் பார்த்த டாக்டர் மறுபடி சோதித்துவிட்டு, க்ஷயமில்லை, புண் ஆறினால் போதும் என்று சொல்லிவிட்டாராம். நான் போயிருந்த அன்று என் கண் முன்னாலேயே எஸ்தர் கையை நீட்டினாள்.

"ஏட்டி ரூத்து, இங்கன வா."

குழந்தை நிலைப்படியைவிட்டு அசையவில்லை.

"வந்தா அடிப்பேன்னு சொன்னியே."

எஸ்தர் அழுதாள். பைய வருவாள் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்தேன்.

லேஸ் கூடத்தில் இப்போது ஊசியைத் திண்டில் குத்திவிட்டுத்தான் ஜெபமாம். எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது.

ரூத்தும் நேற்று நிலைப்படி தாண்டி, அம்மாவின் பாயைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டாளாம்.