ஆறாவது ஆளின் முழங்கால்

அவளுக்கு நாற்பத்திமூன்று வயதுதான். ஆனாலும் அணியிலிருந்த ஆறு பெண்களும் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வாரம் முறைத்துப் பார்த்தாள். இரண்டாவது வாரம் பழகிப்போயிற்று. பந்தய சைக்கிள் ஓட்டும் அந்தப் பெண்களின் கால்களைப் பிடித்துவிடுவது அவள் வேலை. அதோடு ஜெர்சி துவைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, பந்தயத்தின்போது வழியோரம் நின்று சாப்பாட்டுப் பையை நீட்டுவது என்று யாரும் செய்யாத வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழும்.

அதற்கு முன் ஆஸ்பத்திரியில் வாத நோயாளிகளுக்குக் கைகால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், போனாள். ஏழு வருஷம் ஓடிவிட்டது. அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் கேலி செய்வார்: “வேலைக்காக யார் காலையும் பிடிக்க மாட்டேன்னு வீராப்பா சொன்னவதானே நீ? இப்பக் காலைப் பிடிக்கிறதே வேலையாப் போச்சு!”

அணியை நடத்தியது ஒரு பெயிண்ட் கம்பெனி. எந்த வீட்டுக்காரரும் சுவருக்கு அடிக்கத் துணியாத ஒரு பச்சையில் ஜெர்சி தைத்துக் கொடுத்தார்கள். முதல் வருஷம் எல்லாப் பந்தயத்திலும் அந்தப் பச்சை கடைசியில்தான் வந்தது. மூன்றாம் வருஷம் ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில் கேப்டன் முதலாவதாக வந்தாள். அதற்கப்புறம் அடித்தது யோகம். கோப்பைகள், பெரிய பஸ், டிவிக்காரர்கள். தெருவில் சின்னப் பெண்கள் அந்தக் கண்றாவிப் பச்சையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பெரியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துவைத்த ஜெர்சிகளை வேண்டுமென்றே வாசல் பக்கக் கொடியில் காயப்போட்டாள்.

பிறகு கம்பெனி கைமாறியது. புது முதலாளிக்குக் கால்பந்துதான் பிடிக்குமாம். ஒரே ஒரு பக்கக் கடிதம். மாதக் கடைசியோடு அணி கலைகிறது. மறுநாளே ஆள் அனுப்பி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கெல்லாம் மனசு என்று ஒன்று இருக்கிறதா, தெரியவில்லை.

பெண்கள் வேறு அணி தேட ஆரம்பித்தார்கள். அவர்களில் கடைக்குட்டி, ஐந்தடிகூட எட்டாத சுண்டெலி, பெரியம்மாவின் செல்லம். மூன்று மாதமாக அவளுடைய இடது முழங்காலில் கோளாறு. மசாஜ் மேசையில் படுத்தபடி அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்: “யாருக்கும் தெரிய வேணாம் பெரியம்மா. தெரிஞ்சா என்னை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க.” மேசையில் கேட்டது அந்த அறையைத் தாண்டாது என்பது பெரியம்மாவின் சட்டம். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போ, டாக்டரிடம் போ என்று சுண்டெலியைத்தான் தினமும் நச்சரித்தாள்.

ஒரு நாள் காலை, அணி தங்கியிருந்த வீட்டில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியவர் பெரிய அணி ஒன்றின் மேனேஜர்.

“உங்க பொண்ணுங்களை எடுக்கலாம்னு இருக்கோம். அவங்க காலைப் பத்தி உங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்? சொல்லுங்கம்மா.”

பெரியம்மாவுக்கு வாயெல்லாம் பல். புகழ்வதில் என்ன ரகசியம் இருக்கிறது? கேப்டனின் தொடை இரும்பு என்றாள். இன்னொருத்திக்கு நூறு மைல் ஓட்டினாலும் சதை இறுகாது என்றாள். ஐந்து பேரைப் பற்றியும் மூச்சு விடாமல் அளந்து தள்ளினாள்.

“அந்தச் சின்னப் பொண்ணு?”

பெரியம்மாவின் கையிலிருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. பொய் சொன்னால் அந்த முழங்காலோடு மலையேற விட்டு அவள் காலை ஒரேயடியாக முடித்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் கொடுத்த வாக்கு போயிற்று.

“நான்... நான் யார் காலைப் பத்தியும் வெளியில பேசுறதில்லைங்க.”

“புரியுதும்மா,” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. ஐந்து பேரைத் தலையில் தூக்கிவைத்து ஆடிவிட்டு, ஆறாவது ஆளிடம் மட்டும் வாயை மூடினால் என்ன அர்த்தம்? துண்டை அப்படியே போட்டுவிட்டு சுண்டெலியின் மாடி அறைக்கு ஓடினாள்.

“உன்னைக் காட்டிக் கொடுத்துட்டேன்டி,” என்று நடந்ததைச் சொன்னாள். “மத்தவங்களைப் பத்தி வாய் கிழியப் பேசிட்டு, உன்கிட்ட வந்ததும் ஊமையாயிட்டேன்.”

“உங்களை நம்பித்தானே சொன்னேன்,” என்று சுண்டெலி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியம்மா போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெற்ற பிள்ளைக்கே துரோகம் செய்துவிட்டதுபோல அழுதாள்.

கடைசியில் சுண்டெலி இந்தப் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “குணமாக எத்தனை மாசம் ஆகும்?”

“ஒழுங்கா வைத்தியம் பாத்தா நாலு மாசம்.”

“அப்ப முழுசாச் சொல்லிடுங்க. இல்லேன்னா காலே போச்சுன்னு நெனச்சுக்குவாங்க.”

பெரியம்மா அந்த மேனேஜருக்குப் போன் போட்டாள். கோளாறைச் சொன்னாள், நாலு மாதத்தைச் சொன்னாள், அதற்கப்புறம் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க விடுங்கள் என்று கெஞ்சினாள்.

“அவ்வளவு நாள் யாருக்காகவும் காத்திருக்க முடியாதும்மா. நீங்க வேணும்னா வாங்க, உங்களுக்கு வேலை இருக்கு.”

“அவ கால் சரியாகட்டும், அப்புறம் யோசிக்கிறேன்,” என்று பெரியம்மா போனை வைத்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுண்டெலி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “சரி, வாங்க. டாக்டர்கிட்டப் போலாம்.”

கீழே கூடத்தில் மற்ற ஐந்து பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதமாக அவர்கள் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்த பெண், பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு படியாக நொண்டி நொண்டி இறங்கினாள்.