சாப்பாட்டு நேரத்துப் பாடகி

ஒரு மண்டபம் முழுக்கப் பீங்கான் "கோப்பை"களில் கரண்டிகள் ஒரே நேரத்தில் பட்டால், தகரக் கூரையில் மழை தொடங்குவதுபோல இருக்கும். எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டுக்குக் கோப்பை என்றுதான் பெயர். பிலோ அன்ரியின் குரலை நான் முதன்முதலில் கேட்டதும், பிறகு வருடக்கணக்காகக் கேட்டதும் அந்த மழைக்குள்தான்.

அப்பா கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண "பேண்ட்"டில் கீபோர்ட் வாசித்தார். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் நானும் கூடவே போய் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வேன். அந்த பேண்டின் பாடகி பிலோ அன்ரி. முகத்துவாரத்தில் பிறந்தவர், கிழமை நாட்களில் துறைமுகத்தருகே ஒரு கந்தோரில், அதாவது அலுவலகத்தில், டைப் அடிப்பவர். கப்பலில் வேலை செய்த அவருடைய அண்ணன் ஊர் திரும்பும்போதெல்லாம் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் "சோல்" இசைத்தட்டுகளைக் கொண்டுவருவாராம். கோயில் பிரார்த்தனையையும் காதல் புலம்பலையும் ஒரே மூச்சில் பாடும் அந்த இசையின் பாணியில் அன்ரி தமிழில் தானே பாட்டெழுதி மெட்டமைத்தார். ஒரு பயணத்துக்குப் பிறகு அண்ணன் வரவில்லை, கடிதமும் இல்லை. இன்று கொழும்பில் தமிழில் சோல் பாட ஆசைப்படுகிற எங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் பேச்சு அன்ரியில்தான் தொடங்கும்.

ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குச் சினிமாப் பாட்டும் ஆட்டம்போட வைக்கும் பைலாவும்தானே வேண்டும்? அதனால் பேண்டுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சனம் பஃபே வரிசைக்கு எழும்பியதும் மற்ற வாத்தியக்காரர்களும் சாப்பிடப் போவார்கள். அப்பாவும் அன்ரியும் மட்டும் மேடையில் நிற்பார்கள். அது சொந்தப் பாட்டு நேரம்.

"இப்ப பாடும் பிலோ, ஒருத்தரும் குழப்ப மாட்டினம்" என்பார் பேண்ட் தலைவர் டெரன்ஸ் அங்கிள்.

"கோழிக்கால் கடிக்கிறவைக்குத்தான் என்ரை பாட்டு விளங்கும்" என்று அன்ரி மைக்கைக் கையில் எடுப்பார்.

அவர் தவறாமல் பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. முதல் சரணத்தில் அண்ணன் கப்பலேறுகிறான். இரண்டாவதில் தங்கை முகத்துவாரத்துக் கரையில் காத்திருக்கிறாள். மூன்றாவது தொடங்கும்போது கடைசி இனிப்பான வட்டிலப்பம் வந்துவிடும். சனம் எழும்பக் கதிரைகள் இழுபடும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அண்ணன் திரும்பி வந்தானா? எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. கேட்டால், "சொல்லிக் காட்டுற கதையில்லை பிள்ளை, காதைத் தீட்டிக்கொண்டு கேளும்" என்பார் அன்ரி. நான் காதைத் தீட்டுகிற நேரம் பார்த்து டெரன்ஸ் அங்கிள் கூப்பிடுவார்: "ஓடி வாரும், வட்டிலப்பம் முடியப்போகுது!"

ஒருமுறை வெள்ளவத்தையில் பகல் கல்யாணம். காலி நகருக்குப் போகும் பெருவீதி நெரிசலில் சாப்பாட்டு வேன் மாட்டிக்கொண்டது. பைலாவுக்கும் ஆடாமல் சனம் பசியில் முறைத்துக்கொண்டிருந்தது.

"பிலோ, உம்மடை பாட்டையே பாடும். இல்லாட்டிச் செருப்புத்தான் பறக்கும்" என்றார் டெரன்ஸ் அங்கிள்.

கோப்பைச் சத்தம் இல்லாமல் அன்ரி பாடியது அன்றைக்குத்தான். இரண்டாவது வரியில் ஒரு மேசையிலிருந்து யாரோ கூடச் சேர்ந்தார்கள், பிறகு அடுத்த மேசை, பிறகு மண்டபமே. ஒருநாளும் கவனித்துக் கேட்காதவர்கள், கல்யாணம் கல்யாணமாகப் புரியாணியோடு சேர்த்து அந்த வரிகளையும் விழுங்கியிருக்கிறார்கள்! அன்ரி ஒரு கணம் பாடுவதை நிறுத்தி அவர்களைப் பார்த்தார். இரண்டு சரணமும் அப்படியே போனது. மூன்றாவதற்கு அப்பா சுருதியை மாற்றியதும் மண்டபம் சட்டென்று அடங்கியது, அந்தச் சரணம் யாருக்கும் தெரியாததால். அன்ரி மூச்சை இழுத்தார். கதவு திறந்தது, புரியாணி வாசம் முன்னால் வந்தது, "சாப்பாடு வந்திட்டுது!" என்று பெண்ணின் தகப்பன் கத்தினார். கதிரைகள் புரண்டன. அன்ரி நிறுத்தாமல் பாடினார். மேடைக்குக் கீழே நின்ற எனக்கு உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது.

இப்போது மண்டபங்களில் டிஜே. பேண்ட் கலைந்துவிட்டது. அன்ரியும் இறந்துபோனார். அந்தப் பாட்டுக்கு ஒலிப்பதிவும் இல்லை, எழுதிய தாளும் இல்லை. போன மாதம் பாமன்கடைப் பகுதியில் ஒரு சிநேகிதியின் அறையில் அதைப் பதிவு செய்தோம். முதலிரண்டு சரணங்களைக் கனடாவிலிருந்துகூட ஆட்கள் போனில் பாடி அனுப்பினார்கள். மூன்றாவதற்கு அப்பாவை அழைத்தோம். அவர் தடுமாறாமல் வாசித்தார்.

"அப்பா, அண்ணன் வந்தவரா?"

"நான் அவவின்ரை மூச்சைப் பார்த்து வாசிச்சனான் பிள்ளை. சொல்லைக் கேக்கேல்லை." கை ஓடிக்கொண்டே இருந்தது. "ஆனா இந்த இடத்திலை மட்டும் அவ மூச்சு எடுக்க மாட்டா. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கோணும்."

அந்த இடத்தில் அவர் விரல்கள் கட்டைகளை விட்டு எழவில்லை. பதிவில் அது அப்படியே இருக்கிறது, குரல் இல்லாமல்.